எங்க தோட்டம் ஆயிரத்து இருநூறு ஏக்கர்

என் தம்பி பத்துமலைக்குப் பொண்ணு கேட்டு ஈப்போவுல நான் ஏறி எறங்காத வீடு இல்ல. போன உடனே நல்லாத்தான் உக்கார வைப்பாங்க. "பையன் என்னா வேலை?"ன்னு கேப்பாங்க. "பால் லாரி ஓட்டுறான், செமோர் பக்கத்துல எங்க தோட்டத்துலதான்"னு சொல்லுவேன். அவ்ளோதான். கலக்கி வச்ச மைலோ ஆறுறதுக்குள்ள, "பொண்ணு இன்னும் படிக்கணும்னு சொல்லுது"ன்னுருவாங்க. அந்தப் பொண்ணு பரீட்சையில பெயிலாயி ரெண்டு வருசமா வீட்டுல ரேடியோ கேட்டுக்கிட்டு இருக்கும். எனக்குத் தெரியாதா?

புந்தோங்ல ஒருத்தி நேராவே சொல்லிட்டா. "தோட்டத்துக்காரனுக்கா குடுக்கிறது? எம்மவளைக் கொசுவுக்குக் குடுத்த மாதிரிதான்." எனக்கு வந்துச்சே கோவம். "உங்க மக இருக்கிற ஒல்லிக்கு, கொசுவே பாவம்னு விட்டுரும்லா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். பஸ்ஸுல வரும்போதுதான் அழுகை வந்துச்சு.

என் பேரு இருளாயி. கித்தாத் தோட்டத்துல, அதான் ரப்பர் தோட்டத்துல, பொறந்தேன், அங்கேயே மரம் வெட்டுனேன், அங்கேயே மாயாண்டிக்கு வாக்கப்பட்டேன். மரம் வெட்டுறதுன்னா கோடாலியால இல்லைங்க. பட்டையைக் கீறி, மங்கைன்னு ஒரு கிண்ணத்தை மாட்டிப் பால் எடுக்கிறது. விடியறதுக்கு முன்ன பெரட்டுக்குப் போயி பேரு குடுத்துட்டு, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள எறங்குனா, மத்தியானம் வீடு. எங்க ஆத்தாளும் அப்பனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டாங்க. தம்பியைத் தூக்கி வளத்தது நான்தான். அவன் வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசி நான் கேட்டதில்ல. பசிக்குதுன்னாக்கூட சோத்துப் பானையைத்தான் பாப்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாளு ஈப்போவுலேர்ந்து ஒரு கண்ணாடி வாங்கிட்டு வந்தான். நல்ல பூப்போட்ட சட்டம். என்னைக் கூப்புட்டு அவன் ரூம்பு செவுத்துக்கிட்ட நிக்க வச்சு, என் நெத்திக்கு நேரா பென்சில்ல ஒரு கோடு போட்டு, அங்க ஆணி அடிச்சான்.

"ஏண்டா, நீ சவரம் பண்ணுற கண்ணாடியை என் உசரத்துக்கு மாட்டுற?"ன்னு கேட்டேன்.

"சும்மாதான்"னான்.

காது மட்டும் செவந்து போச்சு. முப்பத்திமூணு வயசு. வரப்போற பொண்டாட்டிக்கு மாட்டுறான், வாயால சொல்ல மாட்டேங்கிறான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஈப்போவுல இல்லைன்னா இந்தியாவுல. எங்க அப்பன் கூடப் பொறந்த அத்தை சிவகங்கைப் பக்கம் புளியங்கண்மாய்ல இருக்கு. அதுக்கு மங்களம்னு ஒரு மக இருக்கு, தம்பிக்கு முறைப்பொண்ணுதான். மாயாண்டிக்கு லீவு கெடைக்கல. "நீ போயிட்டு வா, உன் வாய்க்குப் பயந்து எவனும் கிட்ட வரமாட்டான்"னு சொல்லி அந்த மனுசன் என்னைப் பினாங்குல கப்பல் ஏத்தி விட்டாரு. அது எழுபத்தொன்பதாம் வருசம்.

நாகப்பட்டினத்துல கப்பல் தூரத்துலயே நின்னுரும். படகுல எறக்கி விடுவாங்க. எறங்குன எடத்துலேர்ந்து புளியங்கண்மாய் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தைதான் கேட்டேன்: "இந்தா வந்துரும்." பஸ்ஸு எப்ப வரும்? இந்தா வந்துரும். சாப்பாடு? இந்தா வந்துரும். ஊரு? இந்தா வந்துரும். அந்த "இந்தா" எவ்வளவு நீளம்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லணும், அந்தப் பஸ்ஸுல எனக்கு எடம் இல்லாம நிக்கிறப்ப, மொகந் தெரியாத ஒரு பொம்பளை தன் மடியிலேர்ந்து கோழியைத் தூக்கி புருசங்கிட்டக் குடுத்துட்டு, நகந்து எனக்கு எடம் குடுத்துச்சு. நம்ம ஈப்போ பஸ்ஸுல செய்வாங்களா?

ஊருல எறங்குனதும் "சிங்கப்பூர்க்காரி வந்துட்டா"ன்னு ஒரே கூட்டம். "சிங்கப்பூர் இல்லைங்க, மலேசியா"ன்னேன். "சரித்தா, சிங்கப்பூருல எந்தப் பக்கம் மலேசியா?"ன்னு ஒரு பெரியவரு கேட்டாரு. விட்டுட்டேன். ஒத்தைப் பொம்பளையா கடல் தாண்டி வந்ததைத்தான் அவங்களால தாங்க முடியல. "புருசன் சம்மதிச்சாரா?"ன்னு ஊரே கேட்டுச்சு. "அவருக்கு ரெண்டு மாசம் நிம்மதி, ஏன் சம்மதிக்க மாட்டாரு?"ன்னேன். பொம்பளைங்க எல்லாம் முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க.

என் பெட்டியை நான் தொறக்கல. ஊருதான் தொறந்துச்சு. கோடாலித் தைலம் ஒரு டஜன் கொண்டு போயிருந்தேன், கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள காணோம். தலைவலிக்குத் தடவுனாங்க, முட்டிவலிக்குத் தடவுனாங்க, ஒருத்தரு வயித்துக் கடுப்புக்கு ஒரு சொட்டுக் குடிச்சே பாத்தாரு. மறுநாள் காலையில கக்கூஸ் எங்கன்னு அத்தைகிட்டக் கேட்டேன். கண்மாய்க் கரையைப் பாத்துக் கையை நீட்டுச்சு. அவ்ளோ பெரிய கக்கூஸை நான் என் ஆயுசுல பாத்ததில்ல.

நான் பேசுறதுதான் அவங்களுக்குப் பெரிய வேடிக்கை. காலையில "பசியாறிட்டீங்களா?"ன்னு கேட்டா, "பாவம், பஞ்சத்துலேர்ந்து வந்திருக்கு போல"ன்னு எலையில இன்னும் நாலு இட்லியைத் தள்ளுவாங்க. நான் "லா" போட்டுப் பேசப் பேச, கெணத்தடியில தண்ணி எறைக்கிறவங்க எல்லாம் "குடத்தை எடு லா, கயித்தை விடு லா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. "எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் தண்ணி கலக்கிக் குடுக்காம அனுப்ப மாட்டோம்"னு பெருமையா ஒரு நாளு சொன்னேன். எல்லாரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்க. அத்தை மெதுவா வந்து, "பொம்பளைகளும் குடிப்பீகளா?"ன்னு கேட்டுச்சு. நம்ம ஊருல தண்ணின்னா தேத்தண்ணி, கொப்பித்தண்ணி. அங்க தண்ணின்னா வேறயாமே! தலையில அடிச்சுக்கிட்டுச் சத்தியம் பண்ணி, மைலோ டின்னைத் தொறந்து காட்டுனப்புறம்தான் நம்புனாங்க.

அதோட நான் உசாராயிருக்கணும். ஒரு வார்த்தை இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு புரிஞ்சிருக்கணும். எனக்கு எங்க புத்தி போச்சோ.

அத்தை புருசன் ஐயாவு மாமா. பெரிய மீசை, சின்ன நெலம், வாய் மட்டும் ஊருக்கே சொந்தம். சாப்பாட்டுல உக்காந்தா கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு.

"மருமவளே, உங்க தோட்டம் எம்புட்டு இருக்கும்?"

"எங்க தோட்டம் சின்னதுதான் மாமா. ஆயிரத்து இருநூறு ஏக்கரு. பக்கத்துத் தோட்டம்தான் பெருசு."

சோத்தை உருட்டுன கை அப்படியே நின்னுச்சு. எனக்கு என்ன தெரியும்? மனுசனுக்கு மொளகா கடிபட்டுருச்சுன்னு நெனைச்சேன்.

"வேலைக்கு ஆளு?"

"எரநூறு பேருக்கு மேல. நானும் விடியக்காலமே எந்திரிச்சுப் போயிருவேன், இல்லைன்னா வேலை ஓடாது."

"பாத்தியா?"ன்னு அத்தையைப் பாத்தாரு. "தானே நேருல நின்னு பாக்குறா. அதான் சொத்து நிக்குது."

சொத்துன்னதை நான் சரியாக் காதுல வாங்கல. மீன் கொழம்பு அப்படி. "தம்பி என்ன செய்யிறாப்புல?"ன்னாரு.

"பால் லாரி ஓட்டுறான்."

"பாலுமா? நாளைக்கு எம்புட்டுப் பால் வரும்?"

"மழை இல்லைன்னா ரெண்டு லாரி நெறைஞ்சு போகும்."

மாமா தண்ணிச் செம்பை எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சாரு. அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து எனக்கு மட்டும் கயித்துக் கட்டிலுக்குப் பதிலா பக்கத்து வீட்டுலேர்ந்து மெத்தைக் கட்டிலு வந்துச்சு. இந்தியாவுல சொந்தக்காரங்க இவ்ளோ பாசமா இருப்பாங்களான்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. பொண்ணு குடுக்க ஒடனே சம்மதிச்சாங்க. வர்ற வெள்ளிக்கெழமை ஊர்ப் பெரியவங்க முன்னால பரிசம் போடுறதுன்னு முடிவாச்சு. "நம்ம தம்பியைத் தோட்டத்துக்காரன்னு தொரத்துனாளுங்களே, இங்க பாருங்கடி"ன்னு நான் புந்தோங்காரியை நெனைச்சு மனசுக்குள்ள ஆடுனேன்.

மங்களத்தை அப்பத்தான் நல்லாப் பாத்தேன். இருபத்திநாலு வயசு. நெட்டை. நெலப்படியில குனிஞ்சுதான் வெளிய வரும். "நெட்டச்சி"ன்னு சொல்லியே வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் திரும்பிப் போயிட்டாங்களாம். என்கிட்ட அதிகம் பேசல, ஆனா நான் ஊரைப் பத்திக் கிண்டலா எதாச்சும் சொன்னா, அடுப்படியிலேர்ந்து ஒரு சிரிப்பு மட்டும் வரும்.

வெள்ளிக்கெழமை மாமா வீட்டு வாசல்ல பாயி விரிச்சு, ஊருப் பெரியவங்க உக்காந்தாங்க. ஈப்போவுல வாங்குன சேலை, பூ, பழம், வெத்தலை பாக்கு எல்லாம் தட்டுல வச்சு நான் கையில பிடிச்சிருக்கேன். ஐயாவு மாமா துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சாரு.

"ஊராரே, மாப்பிள்ளை நம்ம மச்சினன் மகன். மலேயாவுல ஆயிரத்து இருநூறு ஏக்கர் ரப்பர் எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரவுக. எரநூறு பேருக்குச் சம்பளம் குடுக்கிற குடும்பம். அது போக மாட்டுப் பண்ணை. நாளைக்கு ரெண்டு லாரி பாலு..."

"மாடா? எந்த மாடு மாமா?"ன்னேன்.

கேட்ட பொறவுதான் எல்லாம் ஒண்ணொண்ணா வெளங்குச்சு. மொளகா, மெத்தைக் கட்டிலு, சொத்து. அடி ஆத்தி!

சும்மா இருந்திருக்கலாம். தட்டை நீட்டிட்டா முடிஞ்சுச்சு, பொண்ணு கப்பல் ஏறிருவா. வந்து கூலிக்காரங்க இருக்கிற லைன் வீட்டைப் பாத்துட்டு அழுதா, அழுது முடிச்சுட்டு இருந்துருவா. எத்தனை பொண்ணுங்க அப்படி வந்து இருக்காளுங்க. ஆனா எனக்குத் தம்பி அடிச்ச அந்த ஆணிதான் கண்ணு முன்னால நின்னுச்சு. அந்தக் கண்ணாடியில ஏமாந்த மொகம் ஒண்ணு தெனமும் தெரியணுமா? அவன் வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டான். பாத்துப் பாத்தே செத்துருவான்.

"நிறுத்துங்க மாமா"ன்னேன். "தோட்டம் எங்களுது இல்ல. வெள்ளைக்காரக் கம்பெனியோடது. நான் அதுல மரம் வெட்டுற கூலிக்காரி. தம்பி கம்பெனி லாரி ஓட்டுறான், அதுல போறது மாட்டுப் பால் இல்ல, ரப்பர் மரத்துப் பால். அதைக் குடிச்சா குடலு ஒட்டிக்கும். எங்களுக்குச் சொந்தம்னு இருக்கிறது ரெண்டு சைக்கிளு, நாலு கோழி."

மாமா மொகம் கருத்துப் போச்சு. "நீதானே சொன்ன? எங்க தோட்டம், எங்க தோட்டம்னு வாய்க்கு வாய் சொன்னியே!"

"ஆமா சொன்னேன்! அங்கதான் பொறந்தோம், எங்க அப்பனை அங்கதான் பொதைச்சிருக்கோம், எங்க தோட்டம்னு சொல்லாம யாரு தோட்டம்னு சொல்றது? நீங்க மட்டும் 'நம்ம பஸ்ஸு வந்துருச்சு, நம்ம பஸ்ஸு போயிருச்சு'ங்கிறீங்களே, அந்தப் பஸ்ஸு என்ன உங்கப்பன் வாங்கி விட்டதா?"

பின்னால ரெண்டு பேரு குபீர்னு சிரிச்சுட்டாங்க. அதுதான் வெனையாப் போச்சு. மாமாவுக்குச் சொத்து இல்லைங்கிறதை விட அந்தச் சிரிப்புதான் தாங்கல. துண்டை எடுத்து ஒதறிக்கிட்டு உள்ள போயிட்டாரு. கூட்டம் கலைஞ்சுச்சு. தட்டு என் கையிலேயே இருந்துச்சு.

மறுநாள் பெட்டி கட்டுனேன். கோவம் எல்லாம் எறங்கிப் போயி, வெறும் பயம்தான் இருந்துச்சு. தம்பி பினாங்குல வந்து நிப்பான். என் பின்னால யாராச்சும் வர்றாங்களான்னு பாப்பான். ஒண்ணும் கேக்க மாட்டான். அதை எப்படிப் பாக்குறது?

மங்களம் வந்து கதவோரமா நின்னுச்சு. "மதினி, உங்க தம்பி எப்படி இருப்பாக?"

இனிமே மறைக்க என்ன இருக்கு? "குட்டை. கருப்பு. ஊமை மாதிரி இருப்பான், ஊமை இல்ல. குடிக்க மாட்டான்"னேன். அப்புறம் என்னமோ தோணிக் கண்ணாடிக் கதையைச் சொன்னேன். பென்சில் கோடு போட்டது, "சும்மாதான்"னது, காது செவந்தது, எல்லாம்.

அது சிரிக்கல. "எம்புட்டு உசரத்துல மாட்டியிருக்காக?"ன்னு கேட்டுச்சு. நான் என் நெத்தியைத் தொட்டுக் காட்டுனேன். அது என் பக்கத்துல வந்து நின்னு அளந்து பாத்துச்சு. என் நெத்தி அதோட கழுத்துக்கு இருந்துச்சு.

"எனக்குக் கழுத்துதான் தெரியும்"னு சொல்லிட்டுத்தான் சிரிச்சுச்சு. சிரிச்சு முடிச்சுட்டு, "என்னைப் பாக்க வந்தவுக எல்லாம் எத்தனை பவுனுன்னுதான் கேட்டாக மதினி. என் மொகம் தெரியணும்னு ஒருத்தரும் ஆணி அடிக்கல"ன்னு சொல்லிட்டு, நேரா அவங்க அப்பாகிட்டப் போச்சு.

உள்ள என்ன பேசுனாங்கன்னு முழுசாக் கேக்கல. மாமா கத்துனது கேட்டுச்சு, "ஊருல தலை காட்ட முடியுமா?"ன்னு. அப்புறம் அதுவரைக்கும் மாமாவை எதுத்து வாயே தொறக்காத அத்தை குரலு கேட்டுச்சு. "எங்கண்ணன் மக பொய் சொல்லியிருந்தா இந்நேரம் கெடா வெட்டியிருப்ப. சபையில நெசத்தைச் சொன்னதுக்குப் வெறுங்கையோட அனுப்புறியா? இப்படி ஒரு வீட்டுல குடுக்காம, வேற எங்கய்யா குடுக்கப் போற?"

மாமா வெளிய வந்தாரு. மீசையைத் தடவிக்கிட்டே என்னைப் பாக்காம, செவுத்தைப் பாத்துச் சொன்னாரு: "அந்தத் தட்டை எடுத்துட்டு வா."

தம்பி அடுத்த கப்பல்ல போயி தாலி கட்டுனான். அவன் கைக்கு எட்டணும்னு மங்களம் இடுப்பையே வளைச்சுக் குனிஞ்சுச்சாம். பேப்பர் எல்லாம் முடிஞ்சு அது இங்க வந்து சேர ரொம்ப சுசா, பெரும்பாடாப் போச்சு. வந்தன்னைக்கு ரூம்புக்குள்ள போயி கண்ணாடி முன்னால நின்னுச்சு. கழுத்துதான் தெரிஞ்சுச்சு. தம்பி வெளிய போயி, சுத்தியலை எடுத்துட்டு வந்தான்.

மங்களம் மரம் வெட்டப் பழகுச்சு. உயரத்துப் பட்டையையும் ஏணி இல்லாமலே வெட்டும், வேலை வாங்குற தண்டலே அசந்து போவாரு. முதல் சம்பளத்தை யாருகிட்டயும் குடுக்காம, தன் கையிலேயே வச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

எண்பத்தஞ்சுல கம்பெனி தோட்டத்தை வித்துருச்சு. லைன் வீட்டை எல்லாம் இடிக்கப் போறோம்னாங்க. அழுதோம், சங்கத்தோட சேந்து சண்டை போட்டோம், கடைசியில தாமான்னு சொல்ற புதுக் குடியிருப்புல மலிவு வெலையில வீடு குடுத்தாங்க. தம்பியும் மங்களமும் பக்கத்துல இருக்கிற கையுறை பெக்டரிக்கு வேலைக்குப் போனாங்க. எங்க வீடும் அவங்க வீடும் ஒரே வரிசை. "தாமான்னா மலாய்ல தோட்டமாம், மதினி. தோட்டத்தை வித்துட்டுத் தோட்டத்துக்கே வந்துட்டோம்"னு மங்களம் சொல்லிச் சிரிக்கும். அவங்க வீட்டுக்குப் பின்னால சாக்கடைக்கும் செவுத்துக்கும் நடுவுல கொஞ்சம் மண்ணு இருந்துச்சு. பாயி விரிச்சா நாலு பேரு படுக்கலாம். வெண்டை, மொளகா, ஒரு கறிவேப்பிலை வச்சுச்சு.

மறு வருசம் ஐயாவு மாமா மகளைப் பாக்க வந்தாரு. மீசை வெள்ளையாயிருந்துச்சு, வாய் மட்டும் அப்படியே. வந்து எறங்குனதும், "எங்க மருமவளே அந்த ஆயிரத்து இருநூறு ஏக்கரு?"ன்னு என்னைக் கிண்டல் பண்ணாரு. தம்பி லாரி ஓட்டுன பாதையில அவரைக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மரம் இல்ல. புல்டோசரு செம்மண்ணைப் பொரட்டிக்கிட்டு இருந்துச்சு. மாமா கொஞ்ச நேரம் பாத்தாரு. "எங்க மச்சினனைப் பொதைச்ச எடம் எங்க?"ன்னு கேட்டாரு. காட்டுனேன். அந்த மூலையை மட்டும் தொடாம விட்டிருந்தாங்க, அதுக்கும் சண்டை போட்டதுதான். மாமா செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு.

அதுக்கப்புறம் கிண்டல் பண்ணல. ஆனா மனுசனுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? வந்த மூணாம் நாளே பின்பக்க மண்ணுல சங்கோலை, அதான் மம்பட்டியை, எடுத்துட்டு எறங்கிட்டாரு. "வெண்டையை இம்புட்டு நெருக்கமாவா நடுவாக? மலேயாவுல புத்தியே இல்லையா?"ன்னு எல்லாத்தையும் பிடுங்கி நட்டாரு. பாத்தி கட்டுனாரு. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவோட கோழியைத் தெனமும் தொரத்துவாரு. அந்த அம்மா கண்டனிஸ் சீனத்துல திட்டும், இவரு தமிழ்ல திட்டுவாரு. ரெண்டு பேருக்கும் நல்லாவே புரியும்.

ஊருக்குப் போறதுக்கு மொத நாளு சாயங்காலம். நான் அவங்க வீட்டுப் பின்பக்கமாப் போறேன். மாமா வேலிக்கு மேல கையை நீட்டி, ஒரு பிடி வெண்டைக்காயை அந்தச் சீனத்து அம்மாகிட்டக் குடுக்கிறாரு. நெஞ்சைத் தட்டிக்கிட்டுச் சத்தமாச் சொல்றாரு, அந்த அம்மாவுக்குக் காது கேக்காத மாதிரி:

"எங்க தோட்டம்! எங்க தோட்டத்துக் காயி!"

நான் இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னேன். "மாமா, யாரு தோட்டம்?"

திரும்பிப் பாத்தாரு. மாட்டிக்கிட்டாரு. மீசை துடிச்சுச்சு. மங்களம் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கு, பக்கத்துல என் தம்பி, காது செவக்கச் சிரிச்சுக்கிட்டு.

"எங்க தோட்டந்தான்"னாரு மாமா. மறுபடி குனிஞ்சு சங்கோலை எடுத்துக்கிட்டாரு. "நீ போ லா."